"இயற்கை" என்ற சொல்லை வெட்டிவிட்டேன், அக்கா

என் அன்பு லூர்து அக்காவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. போன ஞாயிறு பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, ஹோட்டல் கம்பெனி ஆள் ஒருவர் வாசலில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். வத்தேகமயில் உன் வீட்டுக்கு மேலே மலையை வெட்டிய அதே கம்பெனி. உன் வீடு இருந்த இடத்தில் ஒரு பூந்தோட்டம் அமைத்து உன் பெயரை வைக்கப் போகிறார்களாம். உன் படம் ஒன்று வேண்டுமாம்.

"அம்மா சூழலுக்காகவே வாழ்ந்தவங்கதானே சேர். அவங்கள ஒரு முன்மாதிரியா காட்டணும்னு நினைக்கிறோம்," என்றார். மரியாதையான ஆள்.

அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். தபால் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு நீ ஒரு ஆட்டோவில் ஏறியதில்லை. பிரிஜ்ஜை விற்றாய். பிளாஸ்டிக் சொப்பிங் பைகளைக் கழுவிக் கொடியில் காயப்போட்டாய். பக்கத்து வீட்டுச் செல்வி விடமாட்டாள்: "என்ன லூர்தக்கா, இன்னிக்கும் பையத் துவைச்சிட்டீங்களா? அப்படியே இஸ்திரியும் போடுங்க." "கரண்ட் செலவாகுமே புள்ள," என்பாய் நீ.

சூழலைக் காப்பேன் என்ற உறுதிமொழித் தாளை உன்னிடம் நீட்டியதும் அந்தக் கம்பெனிக்காரர்கள்தான். மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம், ஆளுக்கொரு துணிப்பை, "மாற்றம் உங்கள் வீட்டிலிருந்து" என்று அச்சடித்த தாள். பேசியவர் கத்திப் பேச வேண்டியிருந்தது. மேலே அவர்களுடைய பெக்கோ இயந்திரம் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. நீ கையெழுத்துப் போட்டாய். திரும்பி நடக்கும்போது கேட்டேன்.

"மேல மலையையே வெட்டுறான். நீ பையக் கழுவி என்ன ஆகப்போகுது?"

"அவங்கள நிப்பாட்ட என்னால ஏலாது தம்பி. என் கையால ஏலுறத நான் செய்றேன்."

நிறுத்த முயன்றிருக்கக்கூடியவன் நான், பத்திரிகைக்காரன். செல்வியின் வீட்டுச் சுவர் வெடித்ததும், கம்பெனி ஓடையைத் திருப்பிவிட்டதும் என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தன. ஆனால் நான் எழுதியது உன்னைப் பற்றி: ஓய்வுபெற்ற ஒரு பெண் பூமிக்காக என்னென்ன துறந்தாள் என்று அரைப் பக்கம். எல்லோருக்கும் பிடித்தது. கம்பெனிக்கும் பிடித்துப்போய், தங்கள் துண்டுப்பிரசுரத்தில் போட்டுக்கொண்டார்கள். அதை நீ பார்த்தாயா? பார்த்தும் எனக்காகச் சும்மா இருந்தாயா?

ஒரு மாதத்து மழை ஒன்றரை நாளில் கொட்டியது. இப்போதெல்லாம் மழை அப்படித்தான் வருகிறது. உன் வீட்டு விளக்கு அதை வரவழைக்கவில்லை. திருப்பிவிட்ட ஓடை நிரம்பி, வெட்டிய சரிவு உன் கூரைமேல் இறங்கியது. செல்வி பிள்ளைகளோடு முன்னால் ஓடிவிட்டாள். நீ கதவைப் பூட்டத் திரும்பினாயாம்.

ஞாயிறு வந்த கம்பெனி ஆள், நான் கையெழுத்துப் போட ஒரு சம்மதக் கடிதமும் கொண்டுவந்திருந்தார். உன் பெயருக்கு முன்னால் "இயற்கை அனர்த்தத்தில் உயிரிழந்த" என்று இருந்தது. முப்பது வருடமாக ஒவ்வொரு மண்சரிவுச் செய்தியிலும் நானே யோசிக்காமல் எழுதிய சொற்கள். அப்படி எழுதிவிட்டால் யாரிடமும் போய் எதையும் கேட்கத் தேவையில்லை. பேனாவை எடுத்து "இயற்கை"யை வெட்டினேன்.

"மலையை யார் வெட்டினது, யார் அனுமதி குடுத்ததுன்னு இதுல எழுதிக் கொண்டாங்க. படம் தர்றேன்."

"அது எங்களால ஏலாது சேர். மழைதானே..."

"அப்ப மழைக்கிட்டயே படம் கேளுங்க."

இதைக் கேள்விப்பட்டுப் பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டார். "மனசுல பகை வேணாம். மன்னிச்சிடுங்க," என்றார். "பாவசங்கீர்த்தனத்துல நாம பாவத்தப் பேர் சொல்லித்தானே சொல்றோம் சுவாமி? அவங்களும் முதல்ல வந்து சொல்லட்டும்," என்றேன்.

இது பழிதான், அக்கா. இதற்கு வேறு நல்ல பெயர் தேடப்போவதில்லை. உன்னைப் போல எதையும் துறக்கவும் போவதில்லை. மின்விசிறியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். செல்வியும் அந்தச் சரிவில் மிஞ்சிய குடும்பங்களும் நானும் கண்டியில் வழக்குப் போட்டிருக்கிறோம். ஹோட்டல் வேலையை நிறுத்த வேண்டும். அதோடு, கீழே குடியிருப்பவர்களைக் கேட்காமல் மலை வெட்ட அனுமதி கொடுக்கும் முறையே ஒழிய வேண்டும். அனுமதிப் பத்திரத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. மூன்று கையெழுத்துகள். அதில் ஒருவரின் வீட்டுக்கே போய் நின்றேன். "என்னை மட்டும் ஏன் புடிக்கிறீங்க?" என்றார். மூன்று பேரையும்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் சாட்சி நான். நான் எழுதிய அரைப் பக்கத்தையும் எழுதாமல் விட்டதையும் நானே மன்றில் சொல்வேன். அதன் பிறகு அந்த மூன்று பெயர்களும் அவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் காதில் விழும்படி சத்தமாக வாசிக்கப்படும். அதுவரை அந்த மண்ணில் உன் பெயரால் ஒரு செடி வைக்க விடமாட்டேன். வைத்தால் பிடுங்குவேன். எனக்கு அறுபத்துமூன்று வயது. குனிந்து நிமிர இன்னும் முடிகிறது.

உன் கூடப்பிறந்தவன்,
தம்பி சூசை