எஸ்தர் இருமினால் பக்கம் திருப்புவேன்

பிஷப் ஐயாவுக்கு, இஸ்ரவேல் எழுதுவது.

நேற்றுக் காலை எஸ்தர் அடுப்படியில் மிளகாய் வறுத்தாள். நெடி வீடு முழுக்கப் பரவியது. நான் கூடத்தில் நாளிதழை விரித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணாமலை நகரில் மாணவர் விடுதிக்குள் பாம்பு புகுந்த செய்தி. அந்த நேரம் பார்த்து அவள் இருமினாள். என் கை தானாகப் பக்கத்தைத் திருப்பிவிட்டது. பாம்பு பிடிக்கப் போனவர்கள் அடுத்த வரியில் பட்டுப் புடவைக்குத் தள்ளுபடி அறிவித்தார்கள். சரி, காலம் மாறிவிட்டது என்று நினைத்து மேலே படித்தேன். கடையின் முகவரி வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நீங்கள் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். அதனால்தான் நோட்டை எடுத்தேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுத வருகிறது. முடிக்கப் பல நாள் ஆகும். உங்களுக்கும் இப்போது அவசரம் ஒன்றும் இருக்காது.

அந்த இருமல் கதையை முதலிலிருந்தே எழுதி வைக்கிறேன். உங்களிடம் வாயால் சொன்னதுதான். கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் சேத்தியாத்தோப்புச் சந்தையில் மாட்டுத் தரகன். எந்தக் கன்று எந்தப் பசுவுக்குப் பிறந்தது, அந்தப் பசு யார் வீட்டில் வளர்ந்தது என்று கேட்டால் நான்கு தலைமுறைக்குச் சொல்வேன். எழுத்து மட்டும் அப்போது ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் எனக்குக் குரல் உண்டு. சந்தையின் இந்த முனையில் பேசினால் அந்த முனையில் மாடு திரும்பிப் பார்க்கும். முப்பது வருடங்களுக்கு முன் எங்கள் சபையில் வேதபாடம் வாசித்தவர் இறந்தபோது, அன்றைய பாஸ்டர் என் குரலைக் கேட்டு, "இனிமே நீங்கதான் வாசிக்கணும்" என்று சொல்லிவிட்டார். எல்லாருக்கும் முன்னால் சொன்னார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று அந்த இடத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது. "சரிங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தையை முப்பது வருடம் சுமந்தேன்.

வாராவாரம் பாஸ்டர் பாடத்தைச் சொல்லிவிடுவார். சனிக்கிழமை எஸ்தர் மூன்று முறை படித்துக் காட்டுவாள். நான் மனதில் ஏற்றிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை விரித்துப் பிடித்து, கணீரென்று சொல்வேன். பக்கம் எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாதல்லவா? பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்தர் இருமுவாள். நான் திருப்புவேன். ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு நிஜமாகவே சளி பிடித்துவிட்டது. ஒரே பாடத்தில் முக்கால்வாசி வேதாகமத்தைத் திருப்பினேன். சபையார் ஆழ்ந்த வாசிப்பு என்று மெச்சினார்கள்.

யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயம் மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. முக்கியமாக என் மச்சான் ஜெயராஜுக்குத் தெரிந்துவிடக் கூடாது. எஸ்தரின் தம்பி. பல்கலைக்கழகத்தில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆங்கிலப் பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டுதான் டீக்கடைக்கே போவான். அவனுக்குத் தெரிந்தால் ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் தெரிந்துவிடும். பாடம் வாசிக்கிற இஸ்ரவேல் என்ற பேர் போய்விடும். ஊரில் எனக்கு இருந்த மரியாதையே அந்தப் பேர்தான்.

சுனாமிக்கு மறுவருடம் நீங்கள் எங்கள் சபைக்கு முதன்முதலாக வந்தீர்கள். அதற்கு முன்பே உங்களைப் பற்றிச் சேதி வந்திருந்தது. கடலூரில் கடற்கரை ஜனங்களுக்குச் சமைத்துப் போட்ட இடத்தில், அங்கி கூட இல்லாமல் உட்கார்ந்து மூட்டை வெங்காயம் உரித்தீர்களாம். "ஏன் ஐயா உங்களுக்கு இந்த வேலை?" என்று கேட்டதற்கு, "இங்க ஒக்காந்தா எவ்ளோ நேரம் அழுதாலும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றீர்களாம். கடலூரில் பாடகர் குழு பாட்டைக் கடித்துக் குதறியபோது, "நீங்க சத்தமாப் பாடுங்க. சுருதி வழி கேட்டுகினு வந்து சேந்துடும்" என்றீர்களாம். அந்தக் குழு இன்றைக்கும் சத்தமாகத்தான் பாடுகிறது. சுருதி இன்னும் வழி கேட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த வருட மழையில் எங்கள் ஆலயத்தின் வடக்குச் சுவர் விழுந்து, நாங்களே திரும்பக் கட்டியிருந்தோம். அதைப் பிரதிஷ்டை செய்யத்தான் வந்தீர்கள். வெள்ளாற்றுப் பாலத்தில் உங்கள் கார் நின்றுவிட, டவுன் பஸ்ஸில் ஏறி வந்து இறங்கினீர்கள். நாங்கள் மாலையோடு காருக்குக் காத்திருந்தோம். உங்கள் ஊதா அங்கியைப் பார்த்துக் கண்டக்டர், "சாமிக்கு எந்தக் கோயிலு?" என்று கேட்டதையும், நீங்கள் "இன்னைக்கு இந்தக் கோயிலு" என்று எங்களைக் காட்டியதையும் இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

எனக்கு அன்று சொல்லியிருந்த பாடம் நல்ல மேய்ப்பனைப் பற்றியது. நெட்டுருப் போட்டுத் தயாராக நின்றேன். நீங்கள் எழுந்து, "பாடத்த மாத்திக்கலாமா? சுவர் கட்டியிருக்கீங்க. எருசலேம் அலங்கச் சுவரக் கட்டுனவங்க பேரெல்லாம் வரிசையா வர்ற அதிகாரத்தப் படிங்க" என்றீர்கள்.

எஸ்தரைப் பார்த்தேன். அவள் இருமக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். பேர் வரிசை என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கிறிஸ்துமஸ் சமயத்தில் வாசிக்கிற வம்ச வரிசை. இவர் மகன் அவர், அவர் மகன் இவர் என்று ஆபிரகாமிலிருந்து இறங்கி வரும். மாட்டுத் தரகனுக்கு அது மனதில் பதியக் கேட்கவா வேண்டும்? பேர் என்றால் பேர்தானே என்று துணிந்து, புத்தகத்தை எங்கேயோ விரித்து, ஒரு பேர் விடாமல் முழங்கினேன்.

சபையார் ஆனந்தமாகத் தலையாட்டினார்கள். ஜெயராஜ் மட்டும் வேதாகமத்தில் விரலை வைத்துக்கொண்டு பாதியிலேயே எழுந்துவிட்டான்.

"மாமா, மாமா! இது அது இல்ல. வேற எங்கியோ போய்கினு இருக்கீங்க!"

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்கத் தெரியாது. முடித்துவிட்டு நின்றேன். வியர்வை சட்டையைத் தாண்டிவிட்டது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பிடித்திருந்த பக்கத்தைப் பார்த்தீர்கள். பிறகு ஜெயராஜ் பக்கம் திரும்பினீர்கள்.

"தம்பி, நின்னுகினே இருங்க. உங்க தாத்தா பேரு என்னா?"

"அப்பாவோட அப்பாவா ஐயா?"

"ஆமா. இந்தச் சுவர மொதமொதல்ல கட்டுனப்ப அவரு இருந்திருப்பாரில்ல?"

ஆங்கிலப் பேப்பர் படித்தவனுக்குத் தாத்தா பேர் வரவில்லை. பாவமாக இருந்தது. "மாணிக்கம். ஞானஸ்நானத்துக்கு அப்புறம் சாமுவேலு" என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மாட்டு வம்சம் மட்டுமா எனக்குத் தெரியும்?

நீங்கள் கொண்டு வந்த பிரசங்கத்தைப் பைக்குள் திரும்ப வைத்தீர்கள். "பெரியவர் சரியாத்தான் படிச்சாரு. சுவர் கட்டுனவங்க வானத்துலேந்தா வந்தாங்க? யாரோ ஒருத்தர் பெத்தவங்கதானே. ஒவ்வொருத்தரா எழுந்து உங்க தாத்தா, பாட்டி பேரச் சொல்லுங்க" என்றீர்கள். அன்றைக்கு எங்கள் சபையில் நடந்ததைப் போல் அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை. நர்ஸ் வேலைக்குப் படிக்கிற பெண் எழுந்து, செங்கல் சுமந்த தன் பாட்டியின் பேரைச் சொன்னாள். வங்கியில் வேலை பார்க்கிற பையன், வண்டியோட்டிய தாத்தாவின் பேரைச் சொன்னான். அந்தப் பேர்களை ஆலயத்துக்குள் யாரும் அதுவரை உரக்கச் சொன்னதில்லை. பத்து நிமிடப் பிரசங்கத்துக்கு வந்த நீங்கள், மத்தியானச் சாப்பாடு ஆறும் வரை நின்று கேட்டீர்கள்.

கடைசியில் எனக்கும் பொன்னாடை போர்த்தினீர்கள். அதன் அடியில் என் கையைப் பிடித்தீர்கள். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவோமே, அப்படி.

"படிக்கத் தெரியாதா?" என்று என் காதோடு கேட்டீர்கள்.

"தெரியாதுங்க ஐயா. வெளிய சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன். மாசம் ஒரு கார்டு எனக்குப் போடணும். உங்க கையால. பேரம் படிஞ்சுதா?"

"படிஞ்சுதுங்க."

வாக்குக் கொடுத்துவிட்டேன். முதல் மாதம் என்ன செய்வது என்று புரியவில்லை. எஸ்தரிடம் முகவரியை மட்டும் எழுதச் சொல்லி, வெறும் கார்டைத் தபால் பெட்டியில் போட்டேன். பத்தே நாளில் பதில் வந்தது. எஸ்தர் படித்தாள்: "கார்டு கிடைத்தது. ஒரு பிழைகூட இல்லை. அடுத்த மாதம் ஒரு பிழையாவது செய்து அனுப்பவும்." கீழே ஒரு மாடு வரைந்திருந்தீர்கள். வால் இருந்த இடத்தை வைத்துத்தான் மாடு என்று கண்டுபிடித்தேன். அந்த மாட்டைச் சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள்.

எஸ்தர் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். அவளைப் போல் கோபக்கார வாத்தியாரை யாரும் பார்த்திருக்க முடியாது. "மாட்டுப் பல்லப் பாத்து வயசு சொல்ற ஆளுக்கு இந்தக் கொம்பு கண்ணுக்குத் தெரியலையா?" என்று கரண்டியோடு நிற்பாள். இரண்டாவது கார்டில் ஓர் எழுத்து போட்டேன். ஆறாவதில் என் பேர். நடுவில் சில மாதம் வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். சிதம்பரத்தில் கூட்டத்துக்கு வந்த நீங்கள், அத்தனை பெரிய மனிதர்களைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்தீர்கள். "கார்டு வரலியே?" என்றீர்கள். "ரொம்ப மெதுவா வருதுங்க" என்றேன். "மெதுவாவே வரட்டும். எழுத்து எங்கியும் ஓடிப் போவாது" என்றீர்கள்.

நான்கு வரி எழுதுகிற அளவுக்கு வந்திருந்தேன். அடுத்த தடவை நீங்கள் வரும்போது உங்களுக்கு முன்னால் நிஜமாகவே படித்துக் காட்ட வேண்டும் என்று இருந்தேன். நீங்கள் கர்த்தரிடம் போய்விட்ட சேதியைப் பாஸ்டர் போனில் சொன்னார். அந்த மாதக் கார்டு என் சட்டைப் பையில் இருந்தது. அதன் பிறகு ஒரு வருடம், பழையபடி மனப்பாடமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்காகப் படிப்பது என்று தோன்றியது.

தானே புயலில் ஆலயத்து ஓடு பறந்து, இப்போது தார்ப்பாய் கட்டித்தான் ஆராதனை நடக்கிறது. சபையார் முகத்தில் சுரத்து இல்லை. நீங்கள் வந்து நின்றால் தேவலை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நீங்கள் வர முடியாது. உங்களுக்குக் கொடுத்த வாக்கினால் வந்த எழுத்தாவது வந்து நிற்கட்டும் என்று நினைத்தேன். போன சனிக்கிழமை எஸ்தரிடம், "நாளைக்குப் பாடத்தப் படிச்சுக் காட்டாதே" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தேன். முதல் எழுத்தைப் பிடித்தேன். இரண்டாவதைச் சேர்த்தேன். முதல் வார்த்தை முடிவதற்குள் சபையார் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் வார்த்தையில் ஜெயராஜ் குதித்து எழுந்தான்.

"மாமா! ஒக்காருங்க! யாராச்சும் வாய் கோணுதா பாருங்க! பாஸ்டர், ஆம்புலன்ஸுக்குப் போடுங்க!"

ஒருத்தி பாட்டுப் புத்தகத்தால் எனக்கு விசிறினாள். யாரோ சோடாவுக்கு ஓடினார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மச்சான். படிக்கிறேன்."

"எப்பவும் படிக்கறதுதானே? இன்னைக்கு என்னா ஆச்சு?"

"எப்பவும் படிக்கல. இன்னைக்குத்தான் படிக்கிறேன்."

சொல்லிவிட்டேன் ஐயா. முப்பது வருடமாக ஒளித்து வைத்ததை எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். ஜெயராஜ் என்னைப் பார்த்தான், எஸ்தரைப் பார்த்தான்.

"அக்கா, அப்ப இவ்ளோ வருஷமா மனப்பாடமா? நீயும் கூட்டா?"

"ஆமாண்டா. உன் பத்தாவதுப் பாடத்தையும் நான்தான் மனப்பாடம் பண்ண வச்சேன். நீ ஃபெயிலு. இவுரு பாஸு."

தார்ப்பாய் அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "இந்தப் பொறுப்ப வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க" என்று பாஸ்டரிடம் புத்தகத்தை நீட்டினேன். அவர் வாங்குவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஆரம்பிச்சத முடிச்சிட்டுப் போங்க மாமா. என்னாதான் ஆச்சுன்னு தெரிய வாணாமா?"

முடித்தேன். பதினோரு வசனம். அன்றைக்குப் பிரசங்கத்துக்கு நேரம் இல்லாமல் போயிற்று, யாரும் வருத்தப்படவில்லை. ஜெயராஜ் சோடா பாட்டிலோடு என் பக்கத்திலேயே நின்றான். நான் ஒரு வார்த்தையில் சிக்கி நின்றபோது அவன் உதடு துடித்தது. ஆனால் எடுத்துக் கொடுக்கவில்லை. நானே தாண்டும் வரை காத்திருந்தான்.

ஐயா, ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருடம் அங்கே நின்றபோது, அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும். தெரிந்ததைத்தான் சொன்னேன். போன ஞாயிறு முதல்முறையாகத் தெரியாமல் நின்றேன். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு விரல் இறங்கும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தினால் அல்ல. எழுபத்திரண்டு வயதில், அடுத்து என்ன வரும் என்று தெரியாத சந்தோஷத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கான பாடத்தைப் பாஸ்டர் சொல்லிவிட்டார். வேதாகமம் அலமாரியில் இருக்கிறது. ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் இன்னும் அதைத் திறந்து பார்க்கவில்லை.