நீ அழிக்காமல் விட்ட கேள்விக்குறி

உன் வேதாகமத்தைத் திறந்தால் இன்னும் தைல வாசனை வருகிறது. போன வாரம் உன் மருமகள் கொண்டுவந்து, "அத்தை உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க" என்று நீட்டினாள். வாங்கி அலமாரியில் வைத்தேன். அழுகை வரவில்லை. அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன். அவளும் அப்படியே குடித்துவிட்டுப் போனாள்.

நான் வாயாடி என்று உனக்குத் தெரியும். ஜெபத்திலும் அப்படித்தான். வியாழக்கிழமை வேதபாடத்துக்குக் கள்ளிக்குப்பத்துப் பெண்கள் என் வீட்டில் கூடினால், ஊழியக்காரர்கள் தொடங்கி எதிர்வீட்டு நாயின் அடிபட்ட கால் வரை ஒன்றையும் விடமாட்டேன். ஒருநாள் நான் ஆமென் சொன்னதும் நீ கேட்டாய்:

"இன்னாமே, குக்கரே விசிலடிச்சு ஓஞ்சுபோச்சு, நீ ஓயல. அவரு ஒரு வார்த்தை பேச சந்து குடுப்பியா மாட்டியா?"

"அவரு பேசனதெல்லாம் உன் மடிலதான் கீது. அது போதாதா உனுக்கு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

இருவரும் எட்டாவதோடு நின்றவர்கள்தான். நான் பிடித்த வசனத்துக்கெல்லாம் சிவப்புக் கோடு போடுவேன். நீ புரியாத வசனத்தின் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடுவாய். பஸ் ஸ்டாப்பில்கூட அதையே திரும்பத் திரும்பப் படிப்பாய். உன் ஜெபம் ஒரே வரி: "ஆண்டவரே, இது புரியல, சொல்லிக்குடுங்க." புரிந்த அன்று ரப்பரால் அழித்துவிடுவாய்.

மன்னிப்பைப் பற்றிய வசனம் ஒன்று உன்னை ரொம்ப நாள் பிடித்து வைத்திருந்தது. ஒருநாள் பூந்தமல்லியிலிருந்து போன் போட்டாய். "மன்னிச்சா மறந்துடணும்னு இல்லமே. எதிர்ல வந்தா தெரு மாறாம நடந்தா போதும். இன்னிக்கு என் ஓரகத்தி எதிர்ல வந்தா. நடந்துட்டேன்." பின்னால் பஸ் ஹாரன். நீ அழுதாயா சிரித்தாயா என்று எனக்குக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே நின்று உனக்குச் சுகம் கேட்டு ஜெபித்துக்கொண்டே இருந்தேன். நீ கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"சுகம் கேட்ட, சரி. குடுக்கலன்னா எப்படிக் கீறதுன்னு புத்தியும் கேளு. எனுக்கு இல்ல, உனுக்கு."

நான் கேட்கவில்லை. கேட்டால் உன்னை விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடும் என்று இருந்தது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்த நாள் முதல் எனக்கு ஜெபம் வரவில்லை. சமைக்கிறேன், துணி காயப்போடுகிறேன், ஞாயிறு கோயிலுக்குப் போகிறேன். முழங்கால் போட்டால் வாயில் வார்த்தை இல்லை. கோபமும் இல்லை. மரத்துப்போன காலை ஊன்றுவது போல இருக்கிறது, அவ்வளவுதான்.

நேற்று வேதபாடம் மறுபடி தொடங்கியது. உன் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. மாடியில் புதிதாகக் குடிவந்த ஐ.டி. பெண், "ஆன்ட்டி, நீங்களே ப்ரே பண்ணுங்க" என்றாள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அலமாரிக்குக் கை நீட்டினேன். சும்மா உன் வேதாகமத்தைத் திறந்தேன். உனக்குச் சுகம் வருமென்று நான் பிடித்துக்கொண்டிருந்த வசனம் அந்தப் பக்கத்தில் இருந்தது. என்னுடையதில் அதற்கு இரண்டு சிவப்புக் கோடு. உன்னுடையதில் ஓரத்தில் கேள்விக்குறி. நீ அதை அழிக்கவில்லை.

"ஆண்டவரே, இது புரியல, சொல்லிக்குடுங்க" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. ஆமென் சொன்னபோது குக்கர் முதல் விசில்கூட அடித்திருக்கவில்லை. அறை அமைதியாக இருந்தது. நான் அந்த அமைதியை நிரப்பவில்லை.

வேதாகமத்தின் உறைக்குள் உன் ரப்பர் துண்டு இருந்தது. எடுத்து என் மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அதற்கு வேலை இல்லை.