மதுரையில் இல்லாத கடை

இன்று காலை கூரியர்க்காரர் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். டேப்பை வெட்டி, மேலே இருந்த தெர்மாகோலை எடுத்ததும் அந்த வாசனை வந்தது. புதுப் பொம்மை வாங்கிவந்த அன்று அதன் தலையில் அடிக்குமே, அது. ஒரு வெள்ளைக் கட்டியைப் பிரித்து, ஓரத்தில் கிள்ளி, விரல்களுக்கு நடுவே உருட்டி, மடக்கிப் பார்த்தேன். விரிசல் விடவில்லை. "ஏட்டி, நல்ல சரக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "யார்ட்ட பேசுத?" என்று கேட்டார். ஒரு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன சிநேகிதியிடம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கூரியர்க்காரர் என்று சொன்னேன். அவர் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். கல்யாணமாகி நான் ராஜபாளையத்துக்கு வந்தேன், நீ ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருந்துவிட்டாய். நாற்பது வயதுக்கு மேல் நமக்குப் பைத்தியம் பிடித்தது. யாரோ அனுப்பிய வீடியோவில் ஒரு பெண் பாலிமர் க்ளேயில் குட்டிக் குட்டி பொம்மை செய்து ஓவனில் சுட்டு எடுத்தாள். கீழே போட்டாலும் உடையவில்லை. நீ அன்றைக்கே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டாய். ஓவன் என்னிடம்தான் இருந்தது. ஆண்டாள் கையில் இருக்கும் கிளியை நீ செய்வது, ராஜபாளையம் நாயை நான் செய்வது, சாவிக்கொத்தில் மாட்டி விற்பது என்று முடிவாயிற்று. மண் எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

முதலில் கேட்ட ஸ்டேஷனரி கடைக்காரர், "மண்ணா? பிள்ளையார் செய்யவா? அதுக்கு இன்னும் நாள் கெடக்கே" என்றார். இரண்டாவது கடையில் பிள்ளைகள் விளையாடும் க்ளேயைக் கொடுத்து, எல்லாம் ஒன்றுதான் என்று சத்தியம் செய்தார்கள். உன் ஆறு கிளிகளும் ஓவனுக்குள் உருகி, தட்டு முழுக்கப் பச்சையாக ஓடிவிட்டன. ஒரு கண் மட்டும் நடுவில் மிதந்தது. "ஆண்டாளுக்குப் போக வேண்டிய கிளி, நம்மட்ட வந்து கொழம்பாயிட்டேட்டி" என்று சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாய்.

அப்புறம் ஆன்லைனில் போட்டோம். ஒருத்தர் காற்றில் காயும் க்ளேயை அனுப்பினார், இரண்டே நாளில் கிளிகளின் கழுத்து பிளந்துவிட்டது. இன்னொருத்தர் அனுப்பியது அசல் சரக்குதான். ஆனால் கத்திரி வெயிலில் ஏதோ கிட்டங்கியில் நாலு நாள் கிடந்து, பெட்டிக்குள்ளேயே பாதி வெந்து, கிள்ளினால் அதிரசம் மாதிரி உதிர்ந்தது. நான் அனுப்பியவனுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, அடக்கு அடக்கு என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாய்.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் மதுரைக் கடையைப் பற்றிச் சொன்னாய். "படத்தப் பாத்து வாங்குனா இப்படித்தான்ட்டி. கையில அமுக்கிப் பாக்கணும். மதுரையில ஒரு கடை இருக்கு. நான் போயி வாங்கிட்டு வாரேன்." எந்தத் தெரு என்று கேட்டேன். "மாசி வீதிப் பக்கம், சந்துக்குள்ள சந்து. சொன்னா ஒனக்கு வெளங்காது" என்றாய். மூன்று வாரத்துக்கு ஒரு புதன்கிழமை. காலையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாய். வியாழன், வெள்ளி, சனி உன்னைப் பார்க்க முடியாது. பஸ் அலுப்பு என்பாய். திங்கட்கிழமை துணிப்பையோடு வருவாய். பைக்குள் அருமையான மண் இருக்கும். பூவாக மடங்கும், சுட்ட பிறகு வளைத்தாலும் ஒடியாது.

அந்தப் பையில் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நம் ஊர்க் காற்றில் பறக்கும் மில் பஞ்சுத் தும்பு முழுவதும் வெள்ளைக் க்ளேயில்தான் வந்து ஒட்டும், அதைத் துடைக்க எந்நேரமும் ஸ்பிரிட்டும் கையுமாகத்தான் இருந்தோம். நம் சேலை, வீடு எல்லாவற்றிலும் அதே வாசனை. அதற்குள் உன் வாசனையை எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது?

அப்புறம் அந்த முடி விஷயம். பதினொரு நாய் சுட்டு எடுத்தேன். நாலு நாயின் வயிற்றில் கறுப்பாக ஒரு இழை. தும்பு என்றால் சுரண்டிவிடலாம், இது மண்ணோடு வெந்துபோன தலைமுடி. அந்த மண்ணைப் பிசைந்து கொடுத்தவள் நீ. "ஏட்டி, பஞ்சோட மல்லுக்கட்டுறது பத்தாதுன்னு ஒம்முடி வேறயா? தலையக் கட்டிட்டு வந்தா என்ன?" என்று கத்தினேன். நீ ஒரு நாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "ஆமாட்டி, கொட்டத்தான் செய்யுது. தண்ணி சேரல போல" என்றாய். அடுத்த திங்கட்கிழமை மில்லுக்குப் போகும் பெண்கள் கட்டுவது போல, தலையை நன்றாக இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாய். "இப்பதான் தொழில் தெரிஞ்சவ மாதிரி இருக்க" என்று நான் பாராட்டினேன். ஆமாம், பாராட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரில் ஒரு பெண் வீட்டிலிருந்தே பாலிமர் க்ளே விற்கிறாள் என்று தெரிந்தது. தெர்மாகோல் பெட்டியில் வைத்து, வெயில் தணிந்த பிறகுதான் அனுப்புவாளாம். என் நம்பரிலிருந்து கேட்டேன். ஸ்டாக் இல்லை என்றாள். பத்து நாள் கழித்துக் கேட்டேன், அப்போதும் இல்லை. ஆனால் அவளுடைய ஆன்லைன் பக்கத்தில் தினமும் புதுச் சரக்கின் படம் வந்துகொண்டே இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் ஒரு பொருள் இல்லை என்று சொன்னால் நான் விடுகிற ஆளா? சிவகாசியில் இருக்கும் என் நாத்தனாரை அவள் நம்பரிலிருந்து கேட்கச் சொன்னேன். உடனே வந்தது. மடக்கிப் பார்த்தேன். உன் மதுரைக் கடை மண் மாதிரியே இருந்தது.

அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். உன் மகளுக்கு வத்திராயிருப்பில் மாப்பிள்ளை பேசி, பத்திரிகை அடித்து வந்திருந்தது. உன் வீட்டுக்காரர் மில் ஷிப்ட் முடிந்து வந்து, பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். அவர் முன்னாலேயே பெட்டியைத் திறந்து, ஸ்டாக் இல்லை என்று சொன்னவளை நான் மடக்கிய கதையை நடித்தே காட்டினேன். "அண்ணே, இனிமே இவ மதுரைக்கு அலைய வேண்டாம். மூணு மாசத்துக்கு வேண்டிய மண்ணு இந்தா இருக்கு" என்றேன்.

"நல்லதாப் போச்சும்மா. கல்யாண வேல தலைக்கு மேல கெடக்கு, இவ என்னடான்னா மண்ணு வாங்கப் போறேன்னு பஸ் ஏறிருதா" என்றார் அவர்.

நீ பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சிரித்தாய். "ஒன்ட்டருந்து தப்பிக்க ஏலாதுட்டி" என்றாய். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். காப்பி போட உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. "கொட்டைய இப்பத்தான் வறுக்கியா?" என்று இங்கிருந்து சத்தம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மதுரைப் புதன்கிழமைகளிலும் நீ என் வீட்டில் இருந்தாய். தாம்பூலப் பையில் போட உன் மகள் கல்யாணத்துக்குக் கிளி செய்தோம். நீ பிசைந்தாய், நான் மூக்கு வைத்தேன். "பாத்தியா, ஒரு நாள் மிச்சம்" என்று நான் சொன்னேன். "ஆமா" என்றாய். அடுத்த முறை கல்யாணச் சேலை பார்க்கப் போவதாகச் சொல்லி மதுரைக்குப் போனாய். சேலை எதுவும் பிடிக்கவில்லை என்று வெறுங்கையோடு திரும்பியதற்கும் நான் கேலி செய்தேன்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் படுக்கையில் விழுந்தாய். தை பிறந்தபோது நீ இல்லை.

பதினாறு கழிந்து, உன் வீட்டுக்காரர் அந்தத் துணிப்பையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே ஒரு மதுரை ஆஸ்பத்திரி நோட்டு. மூன்று வாரத்துக்கு ஒரு புதன்கிழமை, மருந்து ஏற்றிய தேதி, பக்கத்தில் முத்திரை. வரிசையாக இருந்தது. நடுவில் இரண்டு கட்டங்கள் காலி. "அம்புட்டு நாளும் கரெக்டாப் போயிருக்கா. இந்த ரெண்டுக்கு மட்டும் ஏம்மா போகல? ஒன்ட்ட ஏதும் சொன்னாளா?" என்று கேட்டார். நோய் தெரிந்தால் மகள் சம்பந்தம் நின்றுவிடும் என்றுதான் நீ யாரிடமும் மூச்சுவிடவில்லை என்பது அவருக்கு அதற்குள் புரிந்திருந்தது. அந்த இரண்டு கட்டங்கள்தான் புரியவில்லை. எனக்குப் பார்த்தவுடனேயே புரிந்துவிட்டது.

"தெரியலண்ணே" என்றேன்.

இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் அவர் போய்க் கேட்டிருக்கிறார். அந்த இரண்டு தடவையால் மட்டும் இப்படி ஆனது என்று சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். அந்த இரண்டும் என்னால் நின்றவை என்று தெரிந்து உன் வீட்டுக்காரர் இதைச் சொல்லவில்லை, நான் அழுததைப் பார்த்துச் சும்மா சொன்னார். அதனால் மட்டும் இல்லை என்றால், அதனாலும் கொஞ்சம் உண்டு என்றுதானே? அந்தக் கொஞ்சம் எவ்வளவு? பிசையும்போதும், குளிக்கும்போதும், பஸ்ஸில் போகும்போதும் அதைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன்.

உன் கடையையாவது பார்த்துவிடலாம் என்று ஒருநாள் மதுரைக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஏதோ ஒரு கடைப் படியில் உட்கார்ந்திருப்பாய், யாராவது ஒரு சோடா கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். மாசி வீதிகளைச் சுற்றி, மணிக்கடை, நூல்கடை, பொம்மைக்கடை எல்லாவற்றிலும் உன் படத்தைக் காட்டினேன். யாருக்கும் உன்னைத் தெரியவில்லை. நம் வெள்ளைக் கட்டியின் உறையைக் காட்டியபோது ஒரு கடைக்காரர், "இந்தக் கம்பெனிச் சரக்கு நாங்க வைக்கதில்லம்மா, இந்தப் பக்கம் யாருமே வைக்கதில்ல" என்றார்.

அதற்குப் பிறகு பல மாதம் நான் மண்ணைத் தொடவில்லை. திரும்பத் தொடங்கியபோது, நாத்தனாரை இழுக்காமல் என் நம்பரிலிருந்தே கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் கேட்டேன். அவளே போனில் கூப்பிட்டாள்.

"ராஜபாளையத்து அக்காதானுங்களே? உங்க நம்பருக்கு மட்டும் ஸ்டாக் இல்லைன்னு சொல்லிருங்கன்னு முன்னாடி ஒரு அக்கா சொல்லியிருந்தாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர். மாசாமாசம் எங்கிட்டதான் வாங்குவாங்க. வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், போஸ்ட் ஆபீஸ்ல வந்து வாங்கிக்கிறேம்பாங்க. தொழில் போட்டி போலன்னு நானும் கேட்டுக்கலீங்க. அப்புறம் ஒருநாள் சாயங்காலம் அவங்களே மெசேஜ் போட்டாங்க."

அந்த மெசேஜை எனக்கு அனுப்பச் சொன்னேன். நான் பெட்டியோடு உன் வீட்டுக்கு வந்துபோன அதே சாயங்காலம். "இனி அந்த நம்பருக்கும் குடுத்துருங்க. வெள்ளை மட்டும் புதுசாப் பாத்து அனுப்புங்க, பழசுன்னா அவ கையில நிக்காது." ஒரு வார்த்தை கோபம் இல்லை. நீ காப்பி போடப் போனபோதுதான் இதை எழுதினாயா?

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இப்படிக் கேட்டுவிட்டு, நானே பதிலும் சொல்லிக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்தால் என் நாத்தனாருக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தால் வத்திராயிருப்புக்குச் செய்தி போக ஒரு நாள் போதும். உனக்கு என் வாயைப் பற்றி ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும். ஆனால் வேறொன்று இருக்கிறது. இதற்கு உன்மேல் பழி போட வழியில்லை. நம் இரண்டு பேருக்கும் வேண்டிய மண்ணை வாங்கத்தான் நீ போகிறாய் என்று நான் நம்பினேன். அத்தனை புதன்கிழமை நீ தனியாகப் பஸ் ஏறினாய். அலையாதே என்று சொன்னேன், ஆன்லைனில் வாங்கலாம் என்று சொன்னேன், அலுப்பு அலுப்பு என்கிறாயே என்று கேலி செய்தேன். நானும் வாரேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

இப்போது யார் மதுரைக்குப் போகிறேன் என்றாலும் அந்த வார்த்தை என் வாயில் வந்துவிடுகிறது. வீட்டில் சிரிக்கிறார்கள். சேத்தூரில் ஒரு பெண், க்ளேயில் கம்மல் செய்கிறவள், எங்கே வாங்குவது என்று கேட்டு வந்தாள். கோயம்புத்தூர் நம்பரைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இருந்தாலும் புதன்கிழம மதுரைக்குப் போயி கடையில ஒரு தடவ நேர்ல பாத்துட்டு வந்துருதேன்க்கா" என்றாள். நானும் வாரேன் என்றேன். "ஐயோ, வேண்டாம்க்கா. ஒங்களுக்கு எதுக்கு அலைச்சல்" என்றாள். மரியாதைக்குச் சொல்லியிருக்கலாம். தொணதொணவென்று பேசும் ஒருத்தியோடு அவ்வளவு தூரம் போக அவளுக்குப் பிடிக்காமலும் இருந்திருக்கலாம். வேறொன்றாகவும் இருக்கலாம்.

புதன்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில், மதுரை வண்டியில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். நான் ஏறி வருவதைப் பார்த்ததும் அவள் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது.

"அக்கா, நீங்க எங்க?"

"மதுரைக்குத்தான்" என்றேன். "தள்ளி உக்காரு."