முட்டி ஆபரேஷன்

பிப்ரவரி 3
ஓட்டல் சலவைக்கூடத்தில் புதுச் சீருடை கொடுத்தார்கள். மெல்லிய துணி, உடம்பைப் பிடிக்கிற தையல். எனக்கு இடது மார்பு வளரவே இல்லை; பதினான்கு வயதிலிருந்து துணியை மடித்து வைத்துச் சமாளிக்கிறேன். நீராவியில் வேர்த்து இன்று அது நழுவியது. மூன்று முறை கழிப்பறைக்கு ஓடினேன். இருபத்தாறு வயதாகிறது. போதும்.

பிப்ரவரி 11
முதல் டாக்டர் என் முகத்தையே பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் இரண்டு பக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டி, கல்யாணத்துக்கு முன்னால் செய்துகொண்டால் நல்லது என்றார். யாருக்கு நல்லது? நான் கேட்டது சமமாக. பெரிதாக யார் கேட்டது?

பிப்ரவரி 19
அண்ணி விசாரித்துக் கண்டுபிடித்த பெண் டாக்டர். முக்கால் மணி நேரம் பேசினார். மார்புக்குள் வைக்கிற உப்புநீர்ப் பை, ஜெல் பை இரண்டையும் கையில் கொடுத்து அமுக்கிப் பார்க்கச் சொன்னார். தொடைக் கொழுப்பை எடுத்தும் வைக்கலாம். ஆனால் ஒரு பங்கு கரைந்துவிடும், என்னிடம் எடுக்கவும் ஒன்றுமில்லை. எனக்கு ஜெல் பை, தசைக்கு அடியில், இடதுக்கு மட்டும். ஆயுசுக்கும் தாங்காது, என்றைக்காவது மாற்ற வேண்டிவரும், இடையில் ஸ்கேன் உண்டு, தொடு உணர்ச்சி குறையலாம். எல்லாம் சொல்லிவிட்டு, "இது வியாதி இல்லம்மா. வேண்டாம்னு தோணுச்சுன்னா ஆபரேஷன் அன்னிக்குக் காலையில கூட எழுந்து வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்.
அதைக் கேட்ட பிறகுதான் முடிவு செய்தேன்.

மார்ச் 2
ரத்தத்தை இளக்கும் என்று டாக்டர் சொன்ன தலைவலி மாத்திரைகளை நிறுத்தியாயிற்று. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகளை அண்ணி துவைத்து வைத்திருக்கிறாள். சூப்பர்வைசரிடம் முட்டி ஆபரேஷன் என்று சொல்லி லீவு வாங்கினேன். உண்மையைச் சொன்னால் கூடம் முழுக்க வாயில் போட்டு மெல்லும். அவர் தலையில் முடி நட்டுக்கொண்டு வந்தபோது கேக் வெட்டினோம். நான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்ச் 9
முடிந்தது. நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி.

மார்ச் 13
சாய்ந்தபடியே தூக்கம். கை தோளுக்கு மேல் போகக் கூடாது. அண்ணிதான் ஸ்டூலில் உட்காரவைத்துத் தலையை அலசிவிடுகிறாள். "உங்கம்மா கூட என்னை இவ்ளோ வேலை வாங்கலடி" என்கிறாள். சிரித்தால் வலிக்கும் என்று தெரிந்தே சிரிக்க வைக்கிறாள். இவளுக்கு நான் என்ன செய்துவிட்டேன்?

மார்ச் 30
வேலைக்குத் திரும்பினேன். சூப்பர்வைசர் நல்லவர்தான், அதுதான் வினை. முட்டிக்கு ஓய்வு வேண்டுமென்று, நின்று இஸ்திரி போடும் என்னைச் சலவை மெஷின் முன் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். உட்கார்ந்தபடி ஈரப் போர்வைகளை இழுத்து வெளியே போட வேண்டும். ஆறு வாரத்துக்குத் தூக்காதே, இழுக்காதே என்றார் டாக்டர். மூன்றுதான் ஆகிறது. மறுக்க வாயில்லை. இரண்டாவது போர்வையில் உள்ளே சுரீரென்றது. பை நகர்ந்துவிட்டால்? மறுபடியும் முதலிலிருந்தா?
இஸ்திரி மேசைப் பெரியக்கா பக்கத்தில் வந்து நின்றாள். "முட்டியில ஆபரேஷன் பண்ணவ படியில ஜம்முனு ஏறி வர்ற. கைதான் மேல வரமாட்டேங்குது. என்னடி?"
சொல்லிவிட்டேன். அழுகையும் வந்து தொலைந்தது. "சரி, நகரு" என்று போர்வையை அவளே இழுத்தாள்.

மார்ச் 31
டாக்டர் பார்த்தார். நகரவில்லை, வீக்கம்தான். நன்றாகத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 8
ஈரத் தரை முட்டிக்கு ஆகாது என்று சூப்பர்வைசரிடம் சொல்லி, துண்டு மடிக்கிற மேசைக்குப் பெரியக்கா என்னை மாற்றிவிட்டாள். கூடை நிரம்பினால் யாராவது வந்து எடுத்துப் போகிறார்கள். ஒருத்தியும் ஏன் என்று கேட்பதில்லை.

ஏப்ரல் 22
ஆறு வாரம் தாண்டிவிட்டது. கையைத் தூக்கலாம். வடுவைச் சுற்றி இன்னும் மரத்திருக்கிறது. இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கின்றன, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.
மதியம் சூப்பர்வைசர் வந்து, "முட்டி எப்படிம்மா இருக்கு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கூடத்தில் இருந்த ஏழு பேரும் தலை நிமிராமல், "இப்ப பரவாயில்ல சார்" என்றார்கள்.
நான் சொன்னது ஒருத்தியிடம்தான்.