மருத்துவர் மோதிரம் மாற்றியது குறித்த அவசர ஓலை

நலம் பெருகுக. வேங்கைக் கொடி உயர்த்திய நெடுவரை நாட்டு மாமன்னரின் தலைமை அமைச்சன் காவிதி ஆதன் அழிசி, வடவெல்லைக் கருங்கோட்டைத் தலைவர் ஏனாதி வழுதிநாகனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மதில் உறுதியோடு நிற்க. தங்கள் கிணறுகள் வற்றாதிருக்க. தங்கள் அருமைப் புதல்வி அல்லியங்கோதையின் கண்ணொளி காக்கப்படுக.

தங்கள் ஓலை இன்று காலை வந்தது. நங்கையின் வலக்கண்ணில் மரச்சிராய் பாய்ந்ததையும், நான் அனுப்பிய மருத்துவருள் வெண்பூதனின் 'மருத்துவர்' என்னும் பொதுமோதிரத்தைத் தாங்கள் கழற்றிக் கண்மருத்துவர் மோதிரம் அணிவித்ததையும், வெள்ளியன்று சூரியோதயத்தில் அவன் கத்தி எடுக்கவிருப்பதையும் அதில் கண்டேன். ஐயா, வெண்பூதன் குதிரை மருத்துவன்; அரண்மனைக் குதிரைலாயத்தில் அவன் பணியை நானே கண்டிருக்கிறேன்.

பிழையின் வேர் என்னிடமே உள்ளது. சென்ற கார்த்திகையில் தாங்கள் பதின்மர் மருத்துவரைக் கேட்டபோது, நம் வழக்கப்படி அனைவருக்கும் 'மருத்துவர்' என்னும் தாய்வகையின் மோதிரம் இட்டு அனுப்பினேன். கண், எலும்பு, நஞ்சு, குதிரை எனச் சேய்வகை எதுவாயினும் அம்மோதிரத்தைச் சோதனையின்றி அணியலாம். குதிரை மருத்துவனும் மருத்துவனே அன்றோ? புண் கட்டுக என்று தாங்கள் பொதுவாகப் பணித்தவரையில், ஒவ்வொருவனும் தான் கற்ற முறையில் கட்டினான், குறையொன்றும் எழவில்லை. அவரவர் தனித்திறன் மோதிரத்தால் மறைந்திருந்ததேயன்றி அழியவில்லை.

ஆனால் தாய்வகையிலிருந்து சேய்வகைக்கு இறக்குவது அவ்வளவு எளிதன்று. அவன் முன்னரே கண்மருத்துவனாய் இருந்தால் மட்டுமே அம்மோதிரம் அவனுக்குப் பொருந்தும். யானைப்பாகன் விரலில் கொல்லன் மோதிரத்தை மாட்டினால் அவன் வாள் அடித்துவிடுவானா? தங்கள் பதற்றம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் கோபம் வருகிறது.

வெண்பூதன் ஏன் மறுக்கவில்லை எனத் தாங்கள் வினவலாம். வேங்கை முத்திரையிட்ட மோதிரம் குறிக்கும் பணியை மறுப்பவன் தலை போகும் என்பது நம் சட்டம். அஞ்சியே அவன் வாய் மூடியிருக்கிறான்.

ஆகவே மன்னர் ஆணையால் பணிப்பது: வெண்பூதனின் கத்தியை நிறுத்துக. மீண்டும் மோதிரம் மாற்றுமுன் பதின்மரையும் தனித்தனியே அழைத்து, மனிதக் கண்ணுக்கு மருத்துவம் செய்தவனா என வினவுக. 'இல்லை' என்பவனுக்குத் தண்டனை இல்லை. அவன் தலைக்கு என் தலை பிணை. 'ஆம்' என்பவனையும் சான்று கேட்டே நம்புக. அவர்களுள் கண்மருத்துவர் எவரேனும் உளரோ, நான் அறியேன். அனுப்பும்போது நான் கேட்கவில்லை. ஒருவரும் இலரேல் கண்ணைத் தொடாது, தூய துணியால் மூடி, நங்கையைப் பல்லக்கில் தலைநகருக்கு அனுப்புக.

இவ்வோலை சேருமுன் கத்தி எடுக்கப்பட்டிருப்பின், வெண்பூதனைத் தண்டியாதீர். அவன் திறனைப் பொதுப்பெயரால் மறைத்தவன் நான், அவனல்லாத பெயரை இட்டவர் தாங்கள்; பிழை நம் இருவருடையதே.

வேங்கை முத்திரை பொறித்து, விரைகுதிரை மூன்று மாற்றிச் செல்லுமாறு அனுப்புகிறேன். அரக்கு சிதறியிருப்பது நான் விரைந்து பொறித்ததால். போலி ஓலையென ஐயுற்று ஒரு கணமும் தாழ்த்தாதீர்.