அம்மா இல்லாத வீடியோ

அன்புள்ள பிருந்தா,

பாப்பாவின் பிறந்தநாள் வீடியோவை வெட்ட உட்கார்ந்து மூன்று நாளாகிறது. என் அம்மா ஊர் திரும்பி, நீயும் பாப்பாவும் பொள்ளாச்சி போன பிறகு, அமெரிக்காவில் இந்த பிளெய்ன்ஸ்பரோ வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் லேப்டாப்பில் கேட்பதுதான்.

"அத்தை வர்ற இடத்தை எல்லாம் ட்ரிம் பண்ணிடுங்க. அப்பா சொந்தக்காரங்களுக்குப் போட்டுக் காட்டணுமாம்" என்றாய். என் அம்மா உன் பெரியப்பா மில்லில் கூட்டிப் பெருக்கியவள். டிவியில் பார்த்தால் அடையாளம் தெரியும், சாதியும் தெரிந்துவிடும். உன் அப்பாவுக்குப் பேத்தி வேண்டும், சம்பந்தி வேண்டாம்.

வெட்டினேன். கேக் ஊட்டியது, ஆரத்தி எடுத்தது எல்லாம் போயிற்று. சுலபமாகத்தான் இருந்தது. பாதி இடங்களில் அவள் ஓரமாகத்தான் நின்றாள். ஏன் என்பது இன்றுதான் காதில் விழுந்தது. கேமராவுக்குப் பின்னாலிருந்து என் குரல்: "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லும்மா." ஒன்பது தடவை. என் ஆபீஸ் நண்பர்கள் இருந்தார்கள் அல்லவா? உன் அப்பா கேட்பதற்கு முன்பே நான் வெட்டியிருக்கிறேன்.

ஒன்பதாவது தடவை அவள் "சரி சாமி" என்று சுவரோரம் போகிறாள். பாப்பா சோபாவை விட்டுவிட்டு அவளிடம் நடக்கிறாள். நான்கு அடி. பாப்பா முதன்முதலாக நடந்தது அதுதான், உனக்கும் நினைவிருக்கும். அம்மாவை எடுத்துவிட்டால் குழந்தை யாருமில்லாத சுவரைப் பார்த்து நடக்கும்.

வெட்டியதை எல்லாம் திரும்பச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். என் குரலும் அதில் இருக்கிறது. உன் அப்பாவுக்கு வேண்டாமென்றால் விடு. பாப்பாவுக்குப் போட்டுக் காட்டு.

உன் கணவன்,
அந்த அம்மாவின் மகன்