ஏற மறுத்த நல்ல ஈக்கள்

ஜூன் 24, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கோரிமேடு லேப் வரை பஸ்ஸில் நின்றபடியே.

இன்றும் தோல்வி. விஷம் தின்ற பழ ஈக்கு மூளையில் நரம்பு செல் சாகும், நடுங்கும், கண்ணாடிக் குழாயில் ஏறாது. நடுக்குவாதத்துக்கு அதுதான் என் மாடல். ஆனால் இரண்டு மாதமாக விஷமே தராத நல்ல ஈயும் ஏறவில்லை! எதை எதோடு ஒப்பிட?

என் கைடு மேடம்: "இன்னும் மூணு வாரம். நல்ல ஈ ஏறலன்னா இதை மூடிட்டு வேற டாபிக் எடு."

மூன்று வருட உழைப்பு. பாத்ரூமில் அழுதேன்.

ஜூன் 26, வியாழன்

லேபில் குழாய் கழுவும் பிலோமினா அக்கா மேல் பாய்ந்தேன். "சோப்பு போகக் கழுவறதே இல்ல நீங்க. அதான் ஈ சொணங்குது." எல்லார் எதிரிலும்.  மதியம் சாப்பிட அக்கா என் பக்கத்தில் உட்காரவில்லை.

வாங்க: பஞ்சு, ஈஸ்ட், வெல்லம்.

ஜூன் 27, வெள்ளி

தூறல். ஈக்கு உணவு காய்ச்சும் மக்காச்சோள மாவு டப்பாவை அக்கா திறந்து மோந்து பார்த்தார். "வசம்பு வாடை அடிக்குது. எம் பொண்ணு கொழந்தைக்குத் தெனம் உரசறேன், எனக்குத் தெரியாதா?"

கடை மாவை நம்பாமல் இரண்டு மாதம் முன்பு உழவர்கரை வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த மாவு. அம்மாவுக்கு போன்.

"வண்டு புடிக்குமேன்னு வசம்பு சேத்து அரைச்சேன். நல்லதுதான?"

பூச்சி வராமலிருக்க அம்மா போட்டது. நான் வளர்ப்பதே பூச்சி. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

புது மாவு, புது முட்டைகள். அக்காவிடம் மன்னிப்பு, அதுவும் எல்லார் எதிரிலும். "போ, போ, மாவ காய்ச்சு" என்றார்.

ஜூலை 7, திங்கள்

புது ஈக்கள் பொரித்து வந்தாச்சு. பாதிக்கு விஷ உணவு, பாதிக்கு நல்லது. அம்மா கேசரி கொடுத்தனுப்பினாள். கோபம், தொடவில்லை. (சாயங்காலம் தொட்டேன்.)

ஜூலை 14, திங்கள்

பீச்சில் பிரெஞ்சுக்காரர் தேசிய நாள், பேண்டு வாத்தியம். எனக்குத் திருவிழா இங்கே. குழாயைத் தட்டினேன், எல்லா ஈயும் அடியில் விழுந்தன. பத்து எண்ணுவதற்குள் நல்ல ஈக்கள் குழாயில் போட்ட கோட்டைத் தாண்டி உச்சியில்! விஷ ஈக்கள் அடியிலேயே தள்ளாட்டம். மேடம் தானே மூன்று முறை தட்டிப் பார்த்தார்.

"ம். எழுத ஆரம்பி."

வாய்விட்டுக் கத்தினேன். ஜெயித்துவிட்டேன்.

அக்கா: "ஈக்கு வியாதி வந்ததுக்கா இந்தக் குதி குதிக்கிற?"

"ஆமாக்கா! இதுக்கு வந்தாதான் மனுஷனுக்கு மருந்து தேட முடியும்."

ஆய்வேடு அப்புறம். நன்றியுரை எழுதியாச்சு. முதல் பேர் பிலோமினா அக்கா. அடுத்து மேடம். அம்மா பேரா? யோசிக்கணும்.